இரண்டைக் கழி

கட்டபெட்டில் இரவு ஒன்றரை.
வாட்டும் தொட்டிகளில் இலை
தன் ஈரத்தை விட்டுக்கொண்டிருக்கிறது.
ஆபீஸ் அறையில் நான், ஒரு பழைய கம்ப்யூட்டர்,
அதன் பின்புறச் சூட்டில் சுருண்ட ஃபேக்டரிப் பூனை.

பகலில் அது இலைக் கணக்குப் போடும்.
இரவில் எனக்காக ஒரே ஓர் எண்ணைப் பார்க்கும்.
இரண்டைப் பத்துக் கோடி தடவைக்குச் சற்று மேல் பெருக்கி
ஒன்று குறைத்தால் வருகிற எண்.
வினாடிக்கு ஓர் இலக்கமாய் வாசித்தால்
ஏறக்குறைய ஒரு வருஷம்,
தூங்காமல், மூக்குச் சிந்தாமல்.
இரும எண்ணாக எழுதினாலோ வெறும் ஒன்றுகள்.
ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்று,
எங்கும் ஓர் இடைவெளி விழாத
சில்வர் ஓக் வரிசை.

பகுமா, பகாதா?
அடுக்கு பகா எண் என்பது மட்டும் போதாது.
பதினொன்று பகாது;
ஆனால் இரண்டின் பதினோராம் அடுக்கில் ஒன்று குறைத்துப் பார்,
இருபத்து மூன்றும் எண்பத்தொன்பதும்
உள்ளே உட்கார்ந்திருக்கும்.

சோதனை சின்னது.
நான்கில் தொடங்கு.
அதை அதாலேயே பெருக்கு. இரண்டைக் கழி.
எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்.
மறுபடி பெருக்கு. மறுபடி இரண்டைக் கழி.
அடுக்கைவிட இரண்டு குறைவான தடவை.
கடைசியில் சுழியம் நின்றால், பகா.

நம்பாமல் ஓர் இலைச் சீட்டின் முதுகில்
நூற்றிருபத்தேழுக்குப் போட்டுப் பார்த்தேன்.
நான்கு. பதினான்கு. அறுபத்தேழு.
நாற்பத்திரண்டு. நூற்றுப் பதினொன்று.
அப்புறம்
சுழியம்.
எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன்.

சீட்டின் முகத்தில் மாதியக்காவின் கணக்கு:
நாற்பத்தொரு கிலோ, ஈரத்துக்கு இரண்டு கழிவு.
நாற்பத்தொன்றை யாராலும் பிரிக்க முடியாது.
கழித்தபின் முப்பத்தொன்பது,
பதிமூன்று பதிமூன்றாய் மூன்று துண்டு.
"தினமும் அதே ரெண்டு.
வெயில்லயும் ரெண்டு, மழையிலும் ரெண்டா?"
என்று கேட்டிருந்தாள் அன்றைக்கு.
விதி என்று சொன்னேன். யாருடைய விதி என்று
அவளும் கேட்கவில்லை.

ஆனியில் தொடங்கியது. ஆடிக் காற்றில்
மரம் விழுந்து ஐந்து நாள் கரண்ட் இல்லை.
ஒருமுறை காட்டெருமை கம்பத்தில் முதுகு சொறிந்து
ஃபியூஸ் போனது.
ஒவ்வொரு தடவையும் எந்திரம்
விட்ட படியிலிருந்தே ஏறியது.
டீ மேக்கர் எட்வின் எட்டிப் பார்த்து,
"கண்டுபிடிச்சா கிலோ என்ன விலைக்குப் போகும்?" என்றார்.
"ஏலத்துக்கு வராது சார்."

இப்போது தை. வெளியே புல்லெல்லாம் உப்பு.
இன்று இரவு கடைசிப் படி.
திரையில் மீதி வந்தது:
பதினாறு எழுத்து வால் மட்டும்.
சுழியம் இல்லை.

பகும்.
எதனால் பகும் என்று சொல்லவில்லை.
இந்தச் சோதனை அப்படித்தான்,
துளி சந்தேகமில்லாமல் சொல்லும்,
காரணத்தைக் காட்டாது.
இதை மீதியின்றி வகுக்கும் ஓர் எண்
எங்கோ நிச்சயமாய் இருக்கிறது;
ஒருவரும் அதைத் தொடாமலே போகலாம்.

குன்னூர் கோர்ட்டில் எனக்குக் கொடுத்த தாளும்
இந்த ரகம்தான்.
பிரிந்தது என்று முத்திரை இருந்தது.
எதனால் என்ற கட்டத்தில்
ஒரு சின்னக் கோடு.

ஆறரைக்கு முதல் ஜீப்.
பனியில் கருகிய இலை, சாக்கில்
கையை விட்டால் காகிதச் சத்தம்.
மாதியக்கா முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.
முப்பத்தேழு.
எழுதிவிட்டுப் பேனாவை மூடினேன்.
அவள் இன்னும் நின்றாள்.
"அவ்வளவுதான், போங்க," என்றேன்.

உள்ளே, ஆறிய எந்திரத்தை விட்டுப்
பூனை எங்கோ போயிருந்தது.
அடுத்த அடுக்கைத் தட்டினேன்.
எவ்வளவு பெரிய எண்ணானாலும்
தொடக்கம் நான்குதான்.
விசிறி சுற்ற ஆரம்பித்தது.